வைஸைத் திரும்பவிடாத இரண்டு போல்ட்டுகள்

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பழைய வைஸைப் போன மாதம் வீட்டுக்குத் தூக்கி வந்தபோது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் வேலை பார்த்த பட்டறையை இடம் மாற்றியபோது பழைய இரும்புக்குப் போகவிருந்ததை நான்தான் கேட்டு வாங்கினேன். ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கக் கூடாதா என்று மனைவி அலுத்துக்கொண்டாள். சும்மா இருக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அதன் சுழலும் அடித்தட்டில் என் கையால் துளைத்து இறுக்கிய இரண்டு போல்ட்டுகள் இருந்தன. அவற்றைக் கழற்றாமல் எனக்கு நிம்மதி இல்லை.

மூவார் நகரில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையின் பட்டறையில் நானும் அண்ணனும் ஆளுக்கொரு ஷிப்ட்டில் அதே வைஸில்தான் வேலை செய்தோம். உடன்பிறந்தவர் இல்லை, நான்கு வயது மூத்தவர், அதனால் அண்ணன். இடதுகைக்காரர். மேசையின் இடப்பக்கம் சுவர் இருந்ததால், நேராக நின்று அரம் போட்டால் அவருடைய முழங்கை சுவரில் இடிக்கும். வந்ததும் வைஸைத் தனக்குத் தோதாகத் திருப்பிக்கொள்வார். நான் வந்ததும் முணுமுணுத்துக்கொண்டே நேராக்குவேன். நொட்டாங்கைக்கென்று தனித் திசையா என்று கேலி செய்தால் சிரிப்பார்.

திருப்பித் திருப்பி அடித்தட்டு தேய்ந்துபோனது. எவ்வளவு இறுக்கினாலும் அரம் போடும்போது நழுவியது. சரிசெய்யும்படி சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். முறைப்படி எல்லாவற்றையும் கழற்றி, தேய்ந்த குழியைக் கடைந்து, தேய்மானத்தை அடைக்கும் பித்தளை வளையமான புஷ் ஒன்றைப் போட வேண்டும். அந்த வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்திருந்தேன்; உடம்பு கெஞ்சியது. வைஸை எனக்கு வசதியாக நேரே நிறுத்தி, துளை போட்டு, இரண்டு போல்ட்டுகளை முடுக்கிவிட்டேன். இனி ஆடாது, சுழலவும் சுழலாது.

அண்ணன் வந்து அசைத்துப் பார்த்தார். "ஓகே லா, உறுதியா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அதன்பின் ஆறு வருடம் அவர் இடுப்பை முறுக்கி, தோளை உயர்த்திக்கொண்டு அரம் போட்டதை ஷிப்ட் மாறும்போதெல்லாம் பார்த்தேன். கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டால் மறுபடி சரிசெய்யும் வேலை என் தலையில் விழும், அதனால் கேட்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் தோள் தூக்கவே முடியாமல் போய், வேலையை விட்டுவிட்டு, சிகாமட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

போல்ட்டுகளைக் கழற்றி, தெரிந்தவர் பட்டறையில் புஷ் கடைந்து போட்டு, வைஸைக் காரில் ஏற்றிக்கொண்டு போன வாரம் சிகாமட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பெஞ்சின் மேல் வைத்து, அன்று செய்ததையும் இப்போது சரிசெய்ததையும் சொன்னேன். அண்ணன் வலது கையால் அதைத் திருப்பினார். சத்தமில்லாமல் சுழன்றது. இறுக்கியதும் அப்படியே நின்றது.

"நல்லா திரும்புது" என்றார். இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நேரம் புடிச்சிச்சு தம்பி?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று தோன்றியது.

"அரை நாள்ண்ணே."

"அரை நாளு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகள் தேநீர் கொண்டுவந்தாள். பழக்கத்தில் அவர் இடது கையை நீட்டி எனக்கு வாங்கிக் கொடுக்கப் பார்த்தார். கை பாதி உயரத்துக்கு மேல் வரவில்லை. நானே எழுந்து வாங்கிக்கொண்டேன்.