ஸ்விட்சுக்கு வெளியே நின்ற சர்வர்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு கால்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் டீம் லீடரின் கால் அது. எதற்கும் அசையாத ஆள் என்று ஆபீசில் பெயர் எடுத்தவர். காஞ்சிரங்குளத்தில் அவர் வீட்டில் அன்று கரண்ட் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்த்த என்னைத் தேடி எங்கள் ஊரான செங்கலுக்கு வந்துவிட்டார். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்கு வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் மெயின்பிரேம் எங்கள் பொறுப்பில் இருந்தது. அந்த ஒரு பெரிய கணினிக்குள் பல சர்வர்கள் ஓடும். அவற்றை வெளி நெட்வொர்க்கோடு சேர்ப்பது விர்ச்சுவல் ஸ்விட்ச். அது முழுக்க முழுக்க மென்பொருள். தொட்டுப் பார்க்கவோ வயரைப் பிடுங்கிச் சொருகவோ ஒன்றும் கிடையாது. இன்ன சர்வர் இதில் சேரலாம் என்று நாம் அனுமதி கொடுத்தால்தான் அது சேரும். அன்று மெயின்பிரேமை ரீஸ்டார்ட் செய்தோம். எல்லாச் சர்வரும் வந்தன, ஒன்றைத் தவிர. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று சொல்கிற சர்வர் அது. போயும் போயும் அதுதானா வராமல் போக வேண்டும்?

எங்களோடு போனில் இருந்த மருத்துவமனைக்காரர்கள் வார்டில் இருந்த நர்ஸையும் அந்த இணைப்பில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் என்னிடம் பேசியதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அண்ணா, நான் பாறசாலையாக்கும்" என்றாள். அதுவரை திரையில் ஒரு சர்வர் பெயராக இருந்தது, சட்டென்று பக்கத்து ஊர்க்காரியின் குரலாகிவிட்டது. "இங்க ஒரு வயசானவரு உண்டு. நினைவில்ல, கூட ஆளும் இல்ல. ஊசி போடச் சொல்லி டாக்டர் ரெண்டு தடவ கேட்டாச்சு. நான் எம்புட்டு நேரம் பிடிச்சு நிறுத்த?"

ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் கார்டிலும் பழுதில்லை. "இன்னொருக்க ரீஸ்டார்ட் பண்ணுவமா, மக்கா?" என்றார் அண்ணன். ஓடுகிற மற்ற சர்வர்களும் சேர்ந்து நின்றுபோகுமே என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அப்புறம்தான் ஸ்விட்சில் அனுமதி பெற்ற சர்வர்களைத் திரையில் வரவழைத்தோம். அந்தச் சர்வரின் பெயரே இல்லை. அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது.

"நானாக்கும் பண்ணுனது. மிஷின் ஓடும்போதே கட்டளை குடுத்து அனுமதி போட்டேன். ஸ்டார்ட்டப் ஃபைல்ல எழுதல்ல."

எங்கள் தொழிலில் இது எல்லாரும் செய்வதுதான். ஓடுகிற மெயின்பிரேமில் கட்டளை கொடுத்தால் உடனே பலிக்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது அது படிப்பது ஸ்டார்ட்டப் ஃபைலை மட்டும்தான்; அதைத் திருத்த மேலிடத்து ஒப்புதல் வேண்டும். மெயின்பிரேமை லேசில் நிறுத்துவதில்லை என்பதால், எழுதாமல் விட்டது யாருக்கும் தெரியாது. நிறுத்துகிற அன்று அனுமதி அழிந்துபோகும்.

அனுமதியை மறுபடி கொடுத்தோம். அப்படியும் சர்வர் வரவில்லை. அண்ணனுக்கு அழுகை முட்டியது. ஒருமுறை அனுமதி மறுக்கப்பட்ட சர்வர் தானாக வந்து ஒட்டாது, நாம்தான் ஸ்விட்சில் இணைக்க வேண்டும் என்பது பயத்தில் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. அவர் விரல்கள் எழுத்துகளைத் தப்புத் தப்பாகத் தட்டின. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி இணைக்கும் கட்டளையை நான் அடித்தேன். சர்வர் வந்தது.

நர்ஸ் அந்த வயசானவரின் பெயரைப் போட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த மருந்து இவருக்குக் குடுக்கப்பிடாது. ஊசில ஏத்தி ரெடியா வச்சிருந்தேன்."

பிறகு அண்ணன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ரீஸ்டார்ட் இப்போது என் பொறுப்பு. ஓடுகிற அனுமதிகளையும் ஃபைலில் இருப்பவற்றையும் ஒத்துப் பார்க்காமல் மெயின்பிரேமை நிறுத்துவதில்லை. எல்லாச் சர்வரும் வந்த பிறகும் என் பயம் தெளிவதில்லை. அன்று எங்களைக் காப்பாற்றியது நாங்கள் அடித்த கட்டளை இல்லை. டாக்டர் இரண்டு தடவை கேட்டும் அந்தப் பெண் ஊசியைப் போடவில்லை, அவ்வளவுதான்.