சம்பந்தி வீட்டுக்குப் போக அனுமதி

மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்த ஒரு நீள இரும்புக் கம்பு. ஒரு நுனியில் சங்கிலி, மறு நுனியில் பாரத்துக்குக் கட்டிய கருங்கல். என் சம்பந்தியை நினைத்தால் முதலில் அந்தத் தடுப்புக் கம்புதான் கண்ணில் வந்து நிற்கிறது. அவர் முகம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. போன ஐப்பசியில் அவர் காலமானார். ஒரு நல்ல மனிதரை நினைக்கும்போது வனத்துறைக் கம்பையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது. "விடு, எத்தனை நாளைக்கு அதையே பேசுவ?" என்கிறார் என் வீட்டுக்காரர். நான் விடுவதாக இல்லை.

நாங்கள் திருவிடைமருதூர்ப் பக்கத்து வயல்காரர்கள். எங்கள் ஊரில் உயரம் என்றால் கோபுரமும் செல்போன் டவரும்தான். என் மகன் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தபோது, அங்கே நர்ஸாக இருந்த பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டான். அவள் காணிக்காரப் பெண், பழங்குடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், உச்சிக்குப் போனால் கடல் தெரியும் என்பார்களே, அந்த மலைக் காட்டுக்குள் அவர்கள் குடியிருப்பு. எந்த மலை, எந்தச் செக்போஸ்ட் என்று எழுத மாட்டேன். அவர்கள் அங்கே இன்னும் பிழைக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். சுளித்தவர்களுக்குக் கல்யாணப் பந்தியில் நானே நின்று இரண்டாம் முறை பாயசம் ஊற்றினேன். வாய் அடைத்தால் சரி.

தலைப்பொங்கலுக்குச் சம்பந்தி வரிசை கொண்டுவந்தார். தேன், மிளகு, வேரோடு பிடுங்கிய மஞ்சள் கொத்து, மூங்கில் கூடை நிறையக் கிழங்கு. பஸ் மாறி மாறி வந்தவர் கூடையைத் திண்டாடித் தூக்கிக்கொண்டு வரப்பு வழியே நடந்து வந்ததை ஊரே பார்த்தது. சம்பா கதிர் முற்றி நின்ற நேரம். வயலை நாலா பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மா, ஒரு மறைவும் இல்லாம இப்படி வெட்டவெளியில எப்படித்தான் தூக்கம் வருது ஒங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்க யானைக்கு நடுவுல தூங்குறீங்க, எங்களைக் கேக்குறீங்களா?" என்றேன். அவரும் சிரித்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது, "நீங்க ஒருதரம் நம்ம வீட்டுக்கு வரணும். வெறும் வார்த்தைக்குச் சொல்லல" என்றார்.

மருமகள் முழுகாமல் இருந்தபோது அந்த அழைப்பு முறையாகவே வந்தது. எங்கள் வழக்கப்படி ஏழாம் மாதம் வளைகாப்பை எங்கள் வீட்டில் நடத்தினோம். அவர்கள் வழக்கத்தில் அதே மாதம் வயிற்றுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. ஏழு அடுப்பு மூட்டி, ஏழு பானையில் பொங்கி, பிள்ளைத்தாய்ச்சி அவற்றை விழுந்து கும்பிட வேண்டும்; அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "அது அவ பொறந்த எடத்துல நடக்கணும், சம்பந்தியம்மா. அது ஒண்ணுதான் நான் கேக்குறது" என்றார் சம்பந்தி. அதைவிட நியாயமாக ஒருவர் என்ன கேட்க முடியும்? வேன் பிடித்தோம். பூ, பழம், புடவை, எங்கள் வயல் அரிசி என்று வரிசைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

மலையை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடல் பக்கத்திலிருந்து வந்த மேகம் பாதி மலையை மூடிக்கொண்டிருந்தது. மரத்துக்கு மரம் கருமந்திகள் தாவின. தலைக்கு மேலே ஏதோ பெரிய விசிறியை வீசுகிற மாதிரிச் சத்தம் கேட்டு நான் குனிந்துகொண்டேன். "இருவாச்சி, அத்தை. பறவைதான், பயப்படாதீங்க" என்று மருமகள் சிரித்தாள். எங்கள் ஊரில் தலை குனிந்தே நடக்கிற பெண், அங்கே வேன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் பேர் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அந்தக் கம்பு குறுக்கே வந்தது.

கம்புக்கு அந்தப் பக்கம் சம்பந்தி வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். காலையிலிருந்தே நிற்கிறாராம். காவலர் எங்களை இறங்கச் சொன்னார். குடியிருப்பில் இருப்பவர்கள் மட்டும்தான் போகலாம், வெளியாட்களுக்கு மாவட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றார். சரி, நாங்கள் வெளியாட்கள், ஒத்துக்கொள்கிறோம். "இந்தப் பொண்ணு இங்க பொறந்தவங்க. அவங்களையாவது விடுங்க" என்றேன். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கட்டிக்குடுத்துட்டாங்கல்லம்மா? இப்ப ஒங்க ஊட்டு ஆளு. அவங்களும் வெளியாளுதான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அது வீட்டுல நாங்க பேசுற பேச்சுய்யா. மாமியாக்காரி கோவத்துல சொல்லுவா, நாத்தனார் சொல்லுவா. அதைச் சட்டமாக்க நீ யாரு?" என்று கத்தினேன். அவர் மேலிட உத்தரவு என்றார். கூட்டம் போனால் வனவிலங்குகளுக்குத் தொந்தரவு என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஒரு பெரிய கார் ஹாரன் அடித்தது. ஜன்னலுக்குள் பாட்டு காதைப் பிளந்தது. காட்டுக்குள் இருக்கிற சுற்றுலா விடுதியில் அறை போட்டவர்களாம். போனில் எதையோ காட்டினார்கள். கம்பு மேலே போயிற்று, கார் உள்ளே போயிற்று, கம்பு கீழே வந்துவிட்டது. அந்தப் பாட்டுக்குப் பயப்படாத எந்த மிருகம் ஐயா ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துப் பயந்துவிடும்?

சம்பந்தி கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. என்னைப் பார்த்து, "சொவருக்குப் புது ஈத்தை அடைச்சு வெச்சிருக்கேன், சம்பந்தியம்மா. நீங்க தங்குறதுக்குன்னு" என்று மட்டும் சொன்னார். அந்தக் காட்டு மூங்கிலை வெட்டிப் பிளந்து பின்னிய கை அது, விரலெல்லாம் கீறல். வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிற்க வைத்துவிட்டோமே என்கிற அவமானம் அவர் முகத்தில் இருந்தது. அவமானப்பட வேண்டியவர் கம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி மேலே ஆள் அனுப்பினார்; குடியிருப்பில் ஏழு அடுப்பும் எரிந்தன. பொங்கின பானைகளைப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு அந்த மலைப் பாதையில் இறங்கி வந்தார்கள். பானைகளைக் கம்புக்கு அந்தப் பக்கம் வரிசையாக வைத்தார்கள். இந்தப் பக்கம் தார் ரோட்டில் என் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுக் கும்பிட்டாள். சம்பந்தி இலையில் பொங்கலை வைத்துக் கம்புக்கு மேலாக ஒவ்வொருவருக்கும் நீட்டினார். நின்றுகொண்டே சாப்பிட்டோம். நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எங்கள் வரிசைத் தட்டுகளையும் அப்படியே கம்புக்கு மேலாகத்தான் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் மருமகள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்க வீட்டுக்குப் போறதுக்கு நான் யார்கிட்டயும் அனுமதி கேக்க மாட்டேன், அத்தை." வைராக்கியக்காரி. சொன்னபடியே இருந்தாள். பேத்தி பிறந்தாள், நடந்தாள், பேசினாள். சம்பந்திதான் அடிவாரத்துக்கு இறங்கி வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு அவருக்கு முழங்கால் போயிற்று. இறங்கி வருவது நின்றது. அங்கே போனிலும் சரியாகப் பேச முடியாது, சிக்னல் இருந்தால்தானே?

இந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தனார் மகன் துபாயிலிருந்து லீவில் வந்தான். கல்யாணத்தின்போது அவன் ஊரில் இல்லை. சம்பந்தியை அவன் பார்த்ததே கிடையாது. நண்பர்களோடு எங்கோ டூர் போகிறேன் என்று கிளம்பினான். இரண்டு நாள் கழித்துக் குடும்ப வாட்ஸப்பில் படங்களாக வந்து விழுந்தன. அருவி, மேகம், ஒரு கருமந்தி. அப்புறம் ஓர் ஈத்தை வீடு. அதன் வாசலில் மெலிந்து போன ஒரு பெரியவர். கீழே, "மலைவாசி வீடு. செம லொகேஷன்" என்று போட்டிருந்தான். சித்தப்பாக்களும் அத்தைகளும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

மருமகள் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். "அப்பா ரொம்ப எளச்சுட்டாங்க, அத்தை" என்றாள்.

உடனே அவனைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, "அடேய், அவரு ஒங்கண்ணனோட மாமனாருடா! காட்சிப் பொருளாடா அவரு?" என்று கத்தினேன். பையன் பதறிப் போனான். "ஐயோ பெரியம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது. காட்டுக்குள்ள இருக்கிற விடுதியில ரூம் போட்டிருந்தோம், அங்கேருந்து சுத்திப் பாக்கப் போனோம். எந்த ஊரு தம்பின்னு கேட்டாரு, சொன்னேன். அதுக்கப்புறம் எங்களை விடவே இல்ல. கிழங்கு அவிச்சு, தேன் ஊத்திக் குடுத்து, சாப்பிட்டாத்தான் போகணும்னு ஒக்கார வெச்சிட்டாரு. ஏன் இவ்ளோ பாசமா இருக்காருன்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

மருமகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். குரல் கொஞ்சமும் உடையாமல் சொன்னாள்:

"தம்பி, அந்த ரூம் எப்படிப் போடுறதுன்னு எனக்குத் தெரியாது. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. எங்கப்பாவைப் பாக்கணும்."