சைகோன் கவுண்டரில் ஒடிந்த இறக்கை

விமான டிக்கெட் விற்கிறவனிடம் யாரும் டிக்கெட் மட்டும் வாங்குவதில்லை. உயிருக்கு உத்தரவாதமும் சேர்த்துக் கேட்பார்கள், அதையும் சிரித்த முகத்தோடு கொடுத்தாக வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் தள்ளியது சைகோனில், சண்டை ஊருக்குள்ளேயே வந்துவிட்ட வருஷங்களில். காரைக்காலில் பிறந்தவன், ஒரு ஐரோப்பிய விமானக் கம்பெனியில் டிக்கெட் குமாஸ்தா.

அப்போதுதான் ஒரு தெருவையே ஏற்றிக்கொண்டு பறக்கும் ராட்சச விமானம் ஒன்று எங்கள் ஊருக்கு வரப்போகிறது என்று கம்பெனி அறிவித்தது. எனக்கு அதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. என் பெண்டாட்டி லூர்தையும் இரண்டு பெண்களையும் மார்சேயில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு எப்படியாவது அனுப்பிவிட வேண்டும். பழைய சின்ன விமானங்களில் தெத் என்கிற வியட்நாமியப் புதுவருஷம் தாண்டும்வரை இடம் கிடையாது. புதிய விமானத்தில் மட்டும் வேண்டிய அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அது ஏன் காலியாகக் கிடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மரைக்காயர் கொண்டுவந்த செய்தி

சந்தைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த நாகூர் மரைக்காயர் ஒருநாள் காலையில் வந்தார். உட்காரக்கூட இல்லை. "இறக்கை முறிஞ்சு போச்சாமே தம்பி" என்றார். எந்த இறக்கை, யார் சொன்னது என்று விசாரித்தால், அவருக்குப் பக்கத்துக் கடைச் சீனர் சொன்னாராம், சீனருக்கு ஒரு சீக்லோ ரிக்‌ஷாக்காரன் சொன்னானாம். சீக்லோ மிதிக்கிறவனுக்கு விமானத் தொழிற்சாலையிலிருந்து யார் தகவல் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பெயர் சொல்லியிருப்பார்.

நான் பொறுமையாக விளக்கினேன். புது விமானம் செய்தால் ஒன்றைப் பறக்க விடாமல் கொட்டகையில் கட்டிவைத்து, இறக்கையைக் கம்பி போட்டு மேலே இழுப்பார்கள். நிஜத்தில் எந்தக் காற்றும் இழுக்காத இழுப்பு. கடைசியில் அது ஒடியும்வரை இழுப்பார்கள். எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டாமா? ஒடிந்தது உண்மை, ஒடித்ததே அவர்கள்தான். எல்லாவற்றையும் நின்றபடியே கவனமாகக் கேட்டுக்கொண்டு மரைக்காயர் கிளம்பினார். "காசு கொடுத்து வாங்கின சாமானை அவங்களே ஒடிக்கிறாங்கன்னா, அவங்களுக்கே அது மேல நம்பிக்கை இல்லேன்னுதானே தம்பி அர்த்தம்?" என்றார்.

திரெக்தேர் மாட்டிய படம்

வதந்தியை நசுக்குவதற்கு எங்கள் திரெக்தேர், அதாவது பெரிய மேனேஜர், ஒரு வழி கண்டுபிடித்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய புகைப்படம் ஒன்றை வரவழைத்தார். சோதனைக் கொட்டகையில் அந்த விமானத்தின் இறக்கை வில் மாதிரி வானத்தைப் பார்த்து வளைந்து நிற்கிறது. இவ்வளவு வளைந்தும் ஒடியவில்லை பார், எவ்வளவு உறுதி பார் என்று மனுஷனுக்கு ஒரே பூரிப்பு. குண்டு வெடித்தால் சில்லு தெறிக்காமல் இருக்கக் கண்ணாடிகளில் எல்லாம் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டியிருந்தோம். படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முகப்புக் கண்ணாடியில் மட்டும் பட்டையைச் சுரண்டி எடுக்கச் சொல்லி, படத்தை மாட்டினார்.

அதுவரை வதந்தியைக் கேட்டவர்கள்தான் பயந்தார்கள். அன்று முதல் தெருவில் நடந்து போனவர்களும் பயந்தார்கள். கூட்டம் கூடிப் படத்தைப் பார்த்தது, உள்ளே ஒருவரும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு பாண்டிச்சேரிக்காரர், பழைய சிப்பாய், கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னார்: "பரவாயில்ல மொசியே, உங்க கம்பெனி நேர்மையான கம்பெனி. நடந்ததைப் படமே எடுத்து மாட்டிட்டீங்க."

ரொட்டி

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். லூர்து எனக்கு முன்பே எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தாள். "நடந்து வேணும்னா போறேன், அந்த விமானத்துல ஏற மாட்டேன்" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். இன்றைக்கு இவளை ஒருவழி பண்ணிவிடுவது என்று மேசையில் இருந்த நீள ரொட்டியை எடுத்தேன். "இதுதான் இறக்கைன்னு வச்சுக்க. இதோ வளைக்கிறேன். பாரு, வளையுதா? இன்னும் வளைக்கிறேன்..."

ரொட்டி டப்பென்று இரண்டாக ஒடிந்து, ஒரு துண்டு குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. பெரியவள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஓடினாள். லூர்து சிரிக்கவில்லை. குழம்பிலிருந்து ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தாள். "சாப்பிடுங்க, ஆறிப்போவுது" என்றாள்.

செட்டியார் கேட்ட உத்தரவு

எங்கள் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த ஊர் டிக்கெட் ஆபீசிலும் இப்படி இருந்திருக்காது. தெத்துக்கு அப்புறம் கிளம்புகிறவர்கள் பழைய விமானத்தில் ஒரு இடம், புதிய விமானத்தில் ஒரு இடம், இரண்டையும் பதிந்துகொள்வார்கள். அப்புறம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். அம்மன் வேண்டாம் என்ற விமானத்தை வந்து ரத்து செய்வார்கள். ரத்து செய்து செய்தே என் விரல் தேய்ந்தது.

வட்டிக்கடையை மூடிவிட்டு ஊர் திரும்ப இருந்த செட்டியார் ஒருவருக்கு வெள்ளைப் பூ வந்தது. வெள்ளை என்றால் பழைய விமானம். சந்தோஷமாகப் பெரிய விமானத்தை ரத்து செய்துவிட்டுப் போனார். அவர் கிளம்ப வேண்டிய நாளில் பெரிய விமானம் காலையிலேயே பத்திரமாகக் கிளம்பிப் போய்விட்டது. சாயங்காலம் வர வேண்டிய சின்ன விமானம், ஓடுபாதைப் பக்கம் ராக்கெட் விழுந்ததால், வானத்தில் வட்டம் போட்டுவிட்டு பாங்காக்குக்கே திரும்பிவிட்டது. மறுநாள் பெட்டியும் கையுமாக வந்து நின்ற செட்டியாரைப் பார்த்து, இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். "ஆத்தா சரியாத்தான் தம்பி சொல்லியிருக்கா. எந்தப் பூ எந்த விமானம்னு நான் அவகிட்டச் சொல்லாமலேயே கும்பிட்டுட்டேன்" என்றார்.

மிதக்கும் விமானம்

பக்கத்துக் கவுண்டரில் லான் என்ற வியட்நாமியப் பெண். விமானத்தின் உடம்பைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிப்பார்கள் என்று பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னேன். விரிசல் விட்டால் வெடித்துச் சிதறாமல் இருக்கத்தான் தண்ணீர். அவள் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் முதல், 'இந்த விமானம் கடலில் விழுந்தால் மிதக்கும், தண்ணீரிலேயே சோதித்திருக்கிறார்கள்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் வரிசை வாசல்வரை நின்றது. என் முன்னால் ஈ ஓட்டுவதற்கு ஈகூட இல்லை. பொய் சொல்லி விற்கலாமா என்று கோபமாகக் கேட்டேன். ஒருத்தருக்கு டிக்கெட் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னாள்: "இந்த ஊர்ல எதையாவது உண்மை சொல்லி வித்தவங்களை நீங்க பாத்திருக்கீங்களா?"

கவுண்டருக்கு அடியில்

கோட்டும் டையுமாக ஒரு அமைச்சகத்து அதிகாரி வந்தார். குடும்பத்தோடு பாரிஸ் போகிறாராம், பெரிய விமானத்தில்தான் இடம் இருக்கிறதாம், வேறு வழியில்லையாம். நான் இறக்கைச் சோதனையை விளக்க ஆரம்பித்தபோது இரண்டு தெரு தள்ளிக் குண்டு வெடித்தது. எல்லாரும் கவுண்டருக்கு அடியில் விழுந்தோம். பட்டை ஒட்டாத அந்த ஒரே ஒரு கண்ணாடி மட்டும் நொறுங்கி, திரெக்தேரின் படம் தெருவுக்குப் பறந்து போயிற்று.

தலைமயிரெல்லாம் கண்ணாடித் தூள். வெளியே யாரோ அலறுகிறார்கள். அதிகாரி என் காதருகே ஊர்ந்து வந்து, கேட்டு முடிக்காத கேள்வியை முடித்தார்: "சோதனையில ஒடிஞ்சது வலது இறக்கையா, இடது இறக்கையா? எங்களுக்கு எதிர்ப்பக்கம் சீட் குடுங்க."

வரிசையில் நின்றவள்

அந்தக் குண்டு வெடித்தது என் பெண்கள் படிக்கும் கன்னியர் பள்ளிக்கூடத் தெருமுனையில். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அங்கே ஓடிப்போய் அவர்கள் இரண்டு பேரையும் கண்ணால் பார்க்கும்வரை நான் உயிரோடு இருந்தேனா என்று எனக்கே தெரியாது. வீட்டில் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பழையபடி இறக்கையின் உறுதியைப் பற்றித்தான் பேசினேன். எனக்கு அதுதான் பேச வந்தது.

மறுநாள் காலை, குண்டுக்குப் பயந்து என் முன்னாலும் வரிசை சேர்ந்திருந்தது. அதில் ஒரு பெண் வந்து நின்றாள். நிமிர்ந்தால் லூர்து. வாடிக்கையாளர் மாதிரியே கையில் பையோடு, முறை வரும்வரை காத்து நின்று வந்திருந்தாள். "பெரிய விமானத்துல மூணு எடம். எனக்கும் புள்ளைங்களுக்கும்" என்றாள். அதைக் கேட்க எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறேன். கேட்டதும் பேனா ஓடவில்லை. எழுதுவதாகப் பாவனை செய்தபடி, "பயப்படாதே லூர்து, நல்ல விமானம், ஒடியிற வரைக்கும் சோதிச்சுத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கவுண்டருக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. "உங்க இறக்கைக் கதையை யார் கேட்டா? நேத்து நானும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தேன், வாசல்ல நீங்க நின்ன நிலையைப் பார்த்தேன். 'எனக்குப் பயமா இருக்கு, புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடு'ன்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மொத நாளே கிளம்பியிருப்பேன்" என்றாள்.

ஊருக்கெல்லாம் தைரியம் விற்றுப் பிழைத்துவிடலாம், ஆனால் வீட்டில் மட்டும் அந்தச் சரக்கு போணியாகாது.