ஆட்டை மாடாக்கிய மேடம்

போன செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். என் மேஜை மேல் இருக்கிற இண்டர்காமை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். 'கிர்ர்ர்' என்று சத்தம் வந்தது. திரும்ப வைத்துவிட்டேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. யாரும்தான் கூப்பிடவில்லை!

ஒரு வாரமாகத் தினம் இரண்டு தடவை இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்.

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை, குடியாத்தத்தில் வீடு, காலையும் மாலையும் பஸ் — இதெல்லாம் வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்ததும் தெரியும். அதற்கப்புறம் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். ஆனால் நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஆபீஸில்தான் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசியாகிவிடுமே...

பேசுவது என் டீமோடு அல்ல. மாடியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் டீமில் என்னைச் சேர்த்து நான்கு பேர். மற்ற மூவரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எதிர் சீட்டிலிருந்தே எனக்கு மெசேஜ் அனுப்புகிற ஜாதி. நான் சொல்வது ஃபேக்டரி ஆட்களின் போன்.

எங்கள் கம்பெனியில் பச்சைத் தோல் வந்து இறங்குகிற ரா ஸ்டோர், அதைப் பதனிடுகிற டிரம், ஃபினிஷிங், கட்டிங், ஷிப்மெண்ட் என்று ஐந்து செக்‌ஷன். ஐந்துக்கும் ஐந்து சாஃப்ட்வேர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் எழுதி வைத்துவிட்டுப் போனது. ஒன்று தேதியை முதலில் கேட்கும், இன்னொன்று மாதத்தை. தப்பாகப் போட்டால் ஒன்று சிவப்பு எழுத்தில் திட்டும், இன்னொன்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒன்றில் இருக்கும் விவரம் இன்னொன்றுக்கு வேண்டுமென்றால்? என்னைக் கூப்பிடுவார்கள்.

"மேடம், லாட் நம்பர் போட்டா ஒண்ணுமே வரல. ஒரே பேஜாரா கீது. நீங்களே பாத்து சொல்லிடுங்க மேடம்!"

எனக்கும் பேஜார்தான். நான் படித்தது கம்ப்யூட்டர். பார்ப்பது டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் முடிவெடுத்தேன். ஐந்துக்கும் பொதுவாக ஒரே வெப் ஏபிஐ ஃபிரேம்வொர்க்! ஏபிஐ என்றால் ஒன்றுமில்லை — ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றிடம் விவரம் கேட்டு வாங்குகிற கவுண்டர். அந்தக் கவுண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. கேட்கிற முறை ஒன்று, பதில் சொல்கிற முறை ஒன்று, தப்பு நடந்தால் சொல்கிற வார்த்தையும் ஒன்று. ஐந்து மாதம் உட்கார்ந்து செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஓட ஆரம்பித்தது. போன் வருவது நின்றது. முதல் வாரம் பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரம்... ஒரு புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் "குடியாத்தம் ஒண்ணு" என்றேன். குரல் கரகரவென்று வந்தது. யோசித்துப் பார்த்தால், காலையில் டிக்கெட் வாங்கியதற்கு அப்புறம் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, சார்!

வேலையில் நாம் தொந்தரவு என்று திட்டிக்கொண்டிருப்பதில் பாதி, மனுஷ சகவாசம். போன பிறகுதான் தெரிகிறது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். போனை வைத்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். அடித்தது! பாய்ந்து எடுத்தேன். ஃபினிஷிங் சூப்பர்வைசர் மும்தாஜ். என் வயதுதான், என்னைவிடக் குரல் ஜாஸ்தி.

"யா அல்லா! இன்னா மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க? ஆட்டுத் தோல எவனாச்சும் ரெண்டா வெட்டுவானா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாட்டுத் தோல் பெரியது. முதுகு வாக்கில் இரண்டாக வெட்டித்தான் ஃபினிஷிங்குக்கு அனுப்புவார்கள். ரா ஸ்டோரில் ஒன்று என்றால் ஃபினிஷிங்கில் இரண்டு. ஆட்டுத் தோல் முழுசாகவே வரும். முன்பெல்லாம் மும்தாஜ் போனில் கேட்பார், நான் மாடு என்றால் இரண்டால் பெருக்கிச் சொல்வேன், ஆடு என்றால் அப்படியே சொல்வேன். யோசித்துச் செய்ததில்லை, வாய் பாட்டுக்குச் சொல்லும். ஃபிரேம்வொர்க் எழுதும்போது பெருக்கலை மட்டும் எழுதிவிட்டேன். ஆட்டை மறந்தே போனேன்! மூன்று வாரமாக மாட்டு லாட்டாகவே வந்ததால் தெரியவில்லை. இப்போது முந்நூற்று இருபது ஆட்டுத் தோல், திரையில் அறுநூற்று நாற்பதாக நிற்கிறது.

பத்து நிமிஷ வேலை. உட்கார்ந்த இடத்திலேயே சரி செய்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கொஞ்சம் சிக்கலான பிராப்ளம் மும்தாஜ். நேர்ல வந்து பாக்கறேன்."

போனேன். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டேன். மும்தாஜ் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மகளுக்குப் பேர்ணாம்பட்டில் மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா மாதிரி நடித்தே காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். எத்தனை மாதமாயிற்று! "இன்னும் பாக்கணும், நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். புதன்கிழமையும் போனேன். டீ குடித்தேன். சரி செய்யவில்லை.

வியாழக்கிழமை போனபோது டீ இல்லை. ரா ஸ்டோர் சேகர் அண்ணன் நோட்டுகளை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். எதிரே மேனேஜர். சாஃப்ட்வேரில்தான் தப்பு என்று மும்தாஜ் சொல்லியும் அவர் நம்பவில்லை போலிருக்கிறது.

"சிஸ்டம் அறுநூத்தி நாப்பதுன்னு காட்டுது. இங்க பாதிதான் வந்திருக்கு. மீதி எங்க சேகர்?"

"சார், நா அனுப்பிச்சதே முந்நூத்தி இருவதுதான் சார். நோட்டப் பாருங்க. இத்தினி வருஷத்துல என் ஸ்டோர்ல ஒரு தோல் காணாம போனதில்ல சார்..."

நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். செக்‌ஷனே வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு டம்ளர் டீக்காக ஒரு மனுஷனைத் திருடன் மாதிரி நிற்க வைத்துவிட்டேனே!

"சார், தப்பு என்னோடது. அண்ணன் கணக்கு சரி" என்றேன். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அறுநூற்று நாற்பது முந்நூற்று இருபதானது. மேனேஜர் போய்விட்டார்.

"இவ்ளோதானா?" என்றார் மும்தாஜ்.

"இவ்ளோதான்."

"அப்ப செவ்வாக்கெழமையே பண்ணியிருக்கலாமே?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "பண்ணியிருக்கலாம். ஆனா சரி பண்ணிட்டா எனக்கு இங்க வர்றதுக்கு வேலை இல்லியே மும்தாஜ். மேல என்கிட்ட பேச ஆளே கிடையாது" என்றேன். "மன்னிச்சிடுங்க அண்ணே."

சேகர் அண்ணன் "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே நோட்டுகளோடு போய்விட்டார். மும்தாஜ் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பேசணும்னா சும்மா வாங்க மேடம்! அதுக்கு இன்னாத்துக்கு ஆட்ட மாடாக்கினு கீறீங்க?"

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கீழே போகிறேன். முதலில் சேகர் அண்ணனிடம். என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டால், ஒரு வேலையும் இல்லை என்றே சொல்லப் போகிறேன்.