மூணு இருமல், ஒரு இழுப்பு

“...யாரு இருமல்னு எனக்குத் தெரியாதாண்ணே? மூணு இருமல், ஒரு இழுப்பு. திரும்ப மூணு. அவுகதேன். இத்தன வருசம் பக்கத்துல படுத்துக் கேட்டவ சொல்றேன்” என்றாள் அந்தப் பெண். சொல்லிக்கொண்டே கையிலிருந்த பித்தளைத் தம்ளரைக் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சுக்கும் மிளகும் மணந்தன.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய கார்க் கொட்டகை அது. அந்தக் காரை ஓட்டியவர் அவள் புருஷன். நெஞ்சு நோவில் இருமி இருமி ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். கார்த்திகையில் கார் இரும ஆரம்பித்தது. காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜினில் மூன்று அடி விழும், நான்காவது விட்டுப்போகும். தேனி போய்ச் சேர்வதற்குள் தானாகச் சரியாகிவிடும். மறுநாள் காலை மறுபடியும் வரும். அது போதாதென்று, விடிந்தால் காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. அவர் உயிரோடு இருந்தபோது மல்லாந்து படுத்து வேலை பார்த்த அதே இடத்தில்.

முதலாளி ஒரு கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கையடிக்க வைத்தார். “பொண்டாட்டிக்காரி புடிச்சு வச்சிருக்கா, விடமாட்டேங்கிறா” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஓர் அறைதான் அவளுக்கு வீடு. வருசநாட்டில் அவள் பிறந்த வீட்டுக்கு இப்போது சுவர்கூட மிச்சமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இருமல் நிற்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. எதற்கும் ஓர் ஆளைக் காட்டிப் பார்ப்போம் என்று தேனியிலிருந்து என்னை வரவழைத்தார். நான் போனது வியாழக்கிழமை.

நான் எங்கேயும் படித்து வந்த மெக்கானிக் இல்லை. கெட்டுப்போன வண்டிகளே எனக்கு வாத்தியார். ஆயில் ஒழுகினால், இன்ஜினின் அடிவயிற்றைச் சுத்தமாகத் துடைத்துத் திருநீறு பூசுவேன். பக்தியால் அல்ல. இன்ஜினை ஓடவிட்டால் வெள்ளையில் கறுப்புக் கோடு இறங்கும். கோடு தொடங்கும் இடம்தான் ஓட்டை. நான் பூசுவதை முதலாளி பார்த்துவிட்டார்.

“ஏம்ப்பா, நீயும் கோடாங்கிதேனா? அவனாச்சும் உடுக்கை கொண்டாந்தான்.”

“நான் திருப்புளி கொண்டாந்திருக்கேன் மொதலாளி. அவனுக்கு அது, எனக்கு இது.”

ஆயில் நிற்கும் அடித்தொட்டியின் விளிம்பில், கசியாமலிருக்க வைத்திருந்த கார்க் பட்டை காய்ந்து சுருங்கியிருந்தது. வருசா வருசம் அதை மாற்றியது அவள் புருஷன் கை. அவர் படுத்த இடத்துக்கு நேர் மேலேதான் அந்த விளிம்பு. புதுப் பட்டை வெட்டி வைத்து முடுக்கினேன். கறைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் கோடு பார்க்க ஓடவிட்டதில் இன்ஜின் சூடேறி, இருமலும் நின்றுவிட்டது. இல்லாத இருமலை எங்கே போய்த் தேட? கீழே பார்த்தேன். சக்கரத்தடியில் தம்ளர் காலியாக இருந்தது.

“பூனை கீனை வந்துச்சா தாயி?”

“சுக்குத்தண்ணிய எந்தப் பூனைண்ணே குடிக்கும்? தெனமும் இப்பிடித்தேன்” என்று தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல பனி. அவள் தம்ளரை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஹேண்டிலைச் சுற்றினேன். மூணு இருமல், ஒரு இழுப்பு. அவள் சொன்னது போலவேதான் இருந்தது. மரப்பிடித் திருப்புளியால் பிளக்குகளை ஒவ்வொன்றாக இரும்போடு சேர்த்துப் பார்த்தேன். நல்ல பிளக்கைத் தொட்டால் சத்தம் இன்னும் கெடும். மூன்றாவதைத் தொட்டபோது சத்தம் மாறவில்லை. செத்துக்கிடந்தது அதுதான். பிளக்கை மாற்றினேன். இருமல் போகவில்லை. சரி, கரண்ட் எங்கோ வழி மாறிப் போகிறது. அதை இருட்டில்தான் பார்க்க முடியும் என்று கொட்டகைக் கதவுகளைச் சாத்திவிட்டு மறுபடியும் ஓடவிட்டேன்.

மூன்றாவது ஒயருக்குப் பின்னால் நீலமாக ஒன்று துடித்தது. அணைந்தது. துடித்தது. சத்தம் விடுகிற ஒவ்வோர் இடைவெளியிலும், சரியாக அந்த இடத்தில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். என் கைமயிர் எழுந்து நின்றது.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையை விட்டுத் துழாவினேன். கிரீஸ் அப்பிய ஒரு செம்புத் தாயத்து. பனியில் நனைந்த மஞ்சள் கயிற்றால் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் தாயத்து வழியாக இரும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் கயிறு காய்ந்தால் வண்டி சரியாகிவிடும்.

“அவுக அரைஞாண்ல கெடந்ததுண்ணே” என்றாள், நான் கேட்காமலே. “காரியம் முடிஞ்ச அன்னைக்கு நாந்தேன் கட்டுனேன். வண்டிக்கும் ஒரு காவலா இருக்கட்டும்னு. தப்பா?”

“நெனப்புல தப்பில்ல தாயி. கட்டுன எடந்தேன் தப்பு.”

வெளியே முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தத் தாயத்து அவர் கண்ணில் பட்டால் கோடாங்கி சொன்னது சத்தியமாகிவிடும். அவள் கையில் வைத்து மூடினேன். மடியில் செருகிக்கொண்டாள். ஒயரைத் துடைத்துக் கதவைத் திறந்து ஹேண்டிலைச் சுற்றினேன். நான்கு அடியும் ஒழுங்காக விழுந்தன.

“என்னப்பா இருந்துச்சு?”

“பனி மொதலாளி. ஒயர்ல ஈரம்.”

“அப்ப கோடாங்கி சொன்னது?”

“காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. அவன் காக்காயப் புடிச்சுக்கிட்டான்.”

சிரித்துவிட்டார். அவளைப் பார்க்காமலே, “சரி, ரூம்பு அதுகிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அவள் அசையவில்லை. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதில் எங்காவது ஓர் இடைவெளி வருமா என்று காத்து நிற்பவள் போலத் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். தம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஆறிப்போயிருந்தது.

“இன்னைக்குக் குடிக்கல” என்றாள்.

அவள் தம்ளரை எடுத்தாள். காருக்கு நேராக நின்று, ஒரே மூச்சில் அதைத் தானே குடித்து முடித்தாள்.