தேன்சிட்டுக்குக் கொடுத்த பட்டு

என் கணவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததே கேமரா வாங்கிய பிறகுதான். அதற்கு முன்னால் காக்கைக்கும் குயிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தலையைச் சொறிகிற ஆள். செய்யாறில் கம்பெனி வேலை. ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் சோறுகூட வேண்டாம், செல்போனில் பறவை பார்க்க வேண்டும். வாரத்தில் அவருக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் நான் தூங்கிவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆரணியை விட்டுக் கிளம்பிவிடுவார். அவர் படம் பிடிப்பார், நான் பேசுவேன், இரண்டையும் ஒட்டி யூடியூபில் போடுவார். சாகசப் பறவைத் தொடர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். சாகசம் அவருடையது, ஸ்டாண்டு தூக்குவது என்னுடையது.

தேசூர்ப் பக்கம் ஒரு பாறைக் குன்றில் கொம்பன் ஆந்தையைத் தேடி ஏறினார். ஆந்தை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இவர்தான் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். வெம்பாக்கத்துப் பக்கம் ஓர் ஏரியில் நாரைக்காக இடுப்பளவு சேற்றில் இறங்கி, செருப்பை ஏரிக்கே தானம் கொடுத்துவிட்டு வந்தார். சேற்றில் நின்றபடியே கரையிலிருந்த என்னைப் பார்த்து, "நீ பேசிகினே இருமே, குரல் நடுங்கணும், ஆபத்துன்னு ஜனத்துக்குத் தெரியணும்" என்று கத்தினார். எனக்கு நடுக்கம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டார். இவ்வளவு பாடும் யார் பார்ப்பதற்கு? என் நாத்தனாரும், பஸ்ஸில் இவர் பக்கத்து சீட்டில் வருகிறவரும். நாத்தனாரும் பாதியில் நிறுத்திவிடுவாள்.

எனக்கு வீட்டிலேயே வேலை. பட்டுப் புடவைக்கு முந்தானைக் குச்சு கட்டுகிறேன். தறியிலிருந்து வரும் புடவையின் ஓரத்து இழைகளைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுத் தொங்கவிட வேண்டும். கட்டி முடித்ததும் ஒவ்வொரு குச்சையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். மணமேடையில் குச்சு கையோடு வந்துவிட்டால் கடைக்காரர் மறுபடி என் வாசல்படி ஏறமாட்டார். முறுக்கிய பட்டு லேசில் அறாது. ஒரு தடவை சைக்கிள் கேரியரில் கட்டிய கயிறு அறுந்தபோது பட்டு நூலைக் கட்டி அரிசி மூட்டை கொண்டுவந்த வீடு எங்களுடையது.

பின்கட்டில் துணி காயப்போடும் கம்பியின் தொங்கும் நுனியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்ட ஆரம்பித்தது. பெண் சிட்டுதான் கட்டும். ஆண் பக்கத்துச் செம்பருத்தியில் உட்கார்ந்து மினுக்கிக்கொண்டு மேற்பார்வை பார்க்கும். எங்கள் வீட்டுக்கு ஏற்ற ஜோடிதான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கூடையிலிருந்து வெட்டிப்போட்ட நூல்களை அள்ளிக்கொண்டு போய்ச் செம்பருத்திக் கிளையில் தொங்கவிட்டார்.

"குருவிக்கு இன்னாத்துக்குங்க பட்டு?" என்று கேட்டேன்.

"ஆரணின்னாவே பட்டு தானேமே. பட்டுல கூடு கட்ற குருவிய எவன் பார்த்துகிறான்? ஜனம் அப்படியே நின்னுடும் பாரு."

யோசனை பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். அரக்கு நிறம் எடுப்பாக இருக்கும் என்று நானே ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன். சிட்டு முதலில் தயங்கியது. பிறகு நாள் முழுக்க இழை இழையாக இழுத்துக்கொண்டு போனது. சிலந்தி வலையும் சருகும் வைத்துக் கட்டுகிற கூடு, அரக்கும் பொன்னுமாகக் கம்பியில் தொங்கியது.

அந்த வீடியோ ஓடியது, ஓட்டமான ஓட்டம். காய்கறிக் கடையில் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் கண்டதில்லை. முட்டை, குஞ்சு, ஊட்டல் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். குஞ்சுகள் எப்போது பறக்கும் என்று ஊர் உலகமெல்லாம் கேட்டது. பறக்கிறதைப் பிடிப்பதற்காகவே அவர் லீவு போட்டார்.

காலை வெயில் ஏறியதும் மூத்த குஞ்சு கூட்டின் வாயில் உட்கார்ந்து, ஒரு தவ்வு தவ்விச் செம்பருத்திக்குப் போய்விட்டது. அடுத்ததும் தவ்வியது. ஆனால் போகவில்லை. காலில் அரக்கு நூல் சுற்றியிருந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்தது. தாய் பூச்சியோடு வந்து, அந்தரத்தில் படபடத்தபடி, தலைகீழான வாயில் ஊட்டப் பார்த்தது. பூச்சி கீழே விழுந்தது.

நான் குச்சு வெட்டும் கத்தரியோடு ஓடினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட போவாத. இயற்கையில நாம தலையிடக் கூடாது."

"எதுங்க இயற்கை? நூல் யார் தொங்க உட்டது?"

"பேஜார் பண்ணாதமே. அதுவே எகிறி எகிறி அவுத்துக்கும். ஃபிரேம்ல உன் கை வருது, தள்ளு!"

அது அவிழ்க்காது என்று எனக்குத் தெரியும். இழுக்க இழுக்க இறுகுகிற நூல் அது. அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டுப் போய் வெட்டினேன். குஞ்சு என் உள்ளங்கையில் விழுந்தது. வளர வளர நூல் சதைக்குள் போய், கால் கறுத்துக் காய்ந்திருந்தது. அலகை இரண்டு முறை திறந்தது. தாய் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும்போதே என் கையில் அடங்கிவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். என் அம்மா வழியில் எனக்கு வந்த வசவு அத்தனையையும் அவர் மேல் கொட்டினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அதையும் போட்டார். கத்தரியோடு என் கை உள்ளே வருவது இருந்தது, கையில் குஞ்சு செத்துக் கிடப்பது இருந்தது, என் அழுகை இருந்தது. வசவும் அதற்கு முன் நாங்கள் பேசியதும் மட்டும் இல்லை. மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று தெரியாதா, கொஞ்சம் பொறுத்திருந்தால் பிழைத்திருக்குமே, கொலைகாரி என்று ஜனம் எழுதியது. நூலைத் தொங்கவிட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டினார்.

"பாவம், உன்னத்தான் திட்றாங்க. திட்னாலும் பாக்கறாங்க இல்ல?"

நூல் போட்டது என் வீட்டுக்காரர் என்று நானே கீழே எழுதினேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதை அவர் அழித்திருந்தார். அன்றோடு அவர் வீடியோவில் பேசுவதை விட்டேன். இப்போது ஏதோ இயந்திரக் குரலைப் போட்டுக்கொள்கிறார். அது சொன்னபடி நடுங்குகிறதாம்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் கடைக்காரர் ஒரு கல்யாணப் புடவையோடு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"பொண்ணு வூட்ல உங்க வீடியோ பாத்தாங்களாம்மா. குச்சு எல்லாம் அந்தக் கூடு மாதிரியே வோணுமாம். கீழ அரக்கு நூல்ல சின்னதா ஒரு குருவி தொங்கணுமாம். ஜல்தியா கேக்கறாங்க."

"அது செத்துப்போச்சுங்க" என்றேன்.

"இது நூல் குருவிதானேம்மா, சாவாது. கட்டும்மா."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் அதற்குள் ஸ்டாண்டை விரித்துவிட்டார். எனக்கு அந்த ஸ்டாண்டை எடுத்து அவர் மண்டையில் போடத் தோன்றியது. புடவையை மறுத்தால் அடுத்தது பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். உட்கார்ந்து கட்டினேன். பொன் இழையில் கூடு, அரக்கு இழையில் குருவி. காலில் முடிச்சுப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். வழக்கம்போல ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அறவில்லை. அடுத்ததை எடுத்தேன்.