ரோட்டைப் பார்த்த கணினிகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பொகவந்தலாவை பஜாரில் தொலைபேசிக் கடை போட்டேன், மேலே மாடி கட்டினேன், பிறகு கீழேயே நான்கு கணினி வாங்கி இன்டர்நெட் கடையும் திறந்தேன். உருப்படாது என்று சொல்லாத ஆளில்லை.

அங்கே உட்கார்ந்துதான் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர், அரசாங்கம் கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் எங்கே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் கூரைகள் ஏன் ஒழுகுகின்றன என்று பெயர் போடாமல் இணையத்தில் எழுதினார். ஆளைக் கண்டுபிடித்தால் அவர் அரசாங்க வேலை போய்விடும்.

பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். பாவம், அவருக்கும் மேலிடத்து நெருக்கடி. யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிய, கணினிகளை மறைத்த தடுப்புப் பலகையைக் கழற்றித் திரைகளை ரோட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். பஸ்ஸுக்கு நின்ற, கொழுந்து பறிக்கும் பெண்களெல்லாம் வாசலில் கூடி, தங்கள் லயங்களைப் பற்றித் திரையில் வந்ததை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

மறுவாரம் சார்ஜன்ட், "யார் எழுதினது?" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

"நாங்கதாங்க சொன்னோம், மாத்தயா" என்றாள் ஒருத்தி. "எங்க லயத்தையும் சேத்துக்குங்க!" என்றாள் இன்னொருத்தி.

"பொய் எழுதினா புடிக்கணும்தானே?" என்றார் அவர்.

"பொய்யின்னா புடிங்க, மாத்தயா. மழைக்கு வந்து எங்க வீட்ல ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க!"

சார்ஜன்டே சிரித்துவிட்டுப் போனார். வாத்தியார் வேலையும் தப்பியது.

இன்று அவரை மேடையில் பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும், தகும். ஆனால் இடம் கொடுத்தவன், காட்டிக்கொடுக்காதவன் நான். அதையும் அதே மேடையில் சொல்லியாக வேண்டும்.